கூடைப்பந்து கேள்வி பதில்: யார் பெரியவர், யாரை மறந்தோம்?

கேள்வி: ஜூன் விடுமுறையில் என் இரண்டு பையன்களும் காலை எட்டரைக்கே தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். மூத்தவனுக்கு மைக்கல் ஜோர்டன்தான் எல்லாரிலும் பெரியவர். இளையவனுக்கு லெப்ரான் ஜேம்ஸ். சாப்பாட்டு மேசைவரை சண்டை தொடர்கிறது. யார் சொல்வது சரி?
(தெம்பனிஸ் வாசகி)

பதில்: அம்மா, ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு அதை ஒரே கேள்வி என்று இருவரும் நினைக்கிறார்கள். உச்சத்தில் யார் உயரம் என்பது ஒன்று. மொத்தத்தில் யார் அதிகம் சாதித்தார் என்பது வேறொன்று. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யச் சொல்லுங்கள்.

உச்சத்தைக் கேட்டால் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் 1987-88 பருவத்தைப் பார்க்கலாம். அந்த ஒரே பருவத்தில் ஜோர்டன் ஆட்டத்துக்குச் சராசரி 35 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தார். பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதும் அவருக்கே, ஆண்டின் சிறந்த தற்காப்பாளர் விருதும் அவருக்கே. தாக்குதலில் முதலாவதாக நிற்பவருக்குத் தற்காப்பில் மூச்சு வாங்கும், அதுதான் இயல்பு. ஜோர்டனுக்கு வாங்கவில்லை. பிறகு 1991 முதல் 1993 வரை மூன்று, 1996 முதல் 1998 வரை மூன்று என ஆறு சாம்பியன் பட்டங்கள். ஆறு இறுதிச்சுற்றிலும் சிறந்த ஆட்டக்காரர் அவரே.

மொத்தத்தைக் கேட்டால் லெப்ரானுக்கு நிகர் யாருமில்லை. 2003இல் 18 வயதில் வந்தவர், 2023 பிப்ரவரி 7 அன்று கரீம் அப்துல் ஜபாரின் 38,387 புள்ளிகளைத் தாண்டினார். 2024 மார்ச்சில் 40,000ஐத் தொட்டார். 2016 இறுதிச்சுற்றில் 3-1 என்று பின்தங்கியிருந்த கிளீவ்லாந்தை, பருவத்தில் 73 ஆட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஜெயிக்க வைத்தார். அந்த ஏழு ஆட்டங்களில் இரு அணியிலும் சேர்த்துப் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய வீச்சைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை போடுபவருக்குப் பந்து கொடுப்பது), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (வீச்சைத் தட்டித் தடுப்பது) ஐந்திலும் முதலிடம் அவருக்கு.

இனி இருவரின் வாதத்திலும் உள்ள ஓட்டைகள். "ஆறு இறுதிச்சுற்று, ஆறும் வெற்றி, லெப்ரான் பத்தில் நான்குதான்" என்று மூத்தவன் சொல்வான். ஜோர்டன் தன் முதல் மூன்று பருவங்களிலும் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அந்தத் தோல்விகள் இந்தக் கணக்கில் வருவதில்லை. இறுதிவரை வந்து தோற்றவரை, முதல் சுற்றிலேயே வீடு திரும்பியவரைவிடக் கீழே வைப்பது என்ன நியாயம்? இளையவன் பக்கம் 2011 இருக்கிறது. டல்லாஸுக்கு எதிரான அந்த இறுதிச்சுற்றில் லெப்ரானின் சராசரி 17.8, நான்காவது ஆட்டத்தில் வெறும் 8 புள்ளி. ஜோர்டனின் எந்த இறுதிச்சுற்றிலும் அப்படி ஒரு வாரம் கிடையாது.

ஒரு தொடரை வென்றே தீர வேண்டுமென்றால் எங்கள் தேர்வு ஜோர்டன். ஓர் அணியை 20 வருடத்துக்கு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால் லெப்ரான். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் மூத்தவன் பக்கம் நிற்கிறோம், தற்காப்புக்காக.

கேள்வி: வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர். ஒரு பருவம் முழுக்கச் சராசரி 50.4. இதைவிடப் பெரிய சாதனை உண்டா? அவர் பெயரை ஏன் மூன்றாவது, நான்காவது இடத்தில்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?
(ஜூரோங் வெஸ்ட், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, எண் உண்மை. அந்த எண் பிறந்த காலத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் நியூயார்க் அணிக்கு எதிராக வில்ட் 63 முறை வீசி 36 போட்டார். ஃபவுலுக்குப் பிறகு தடுப்பாரின்றி வீசும் ஃப்ரீ த்ரோவில் 32க்கு 28. வாழ்நாள் முழுக்க ஃப்ரீ த்ரோவில் பாதிதான் தேறியவர் அவர். அந்தப் பருவத்தில் இரண்டு கைகளாலும் இடுப்புக்குக் கீழிருந்து தூக்கிப் போடும் முறையைக் கடைப்பிடித்தார். அவருடைய சிறந்த ஃப்ரீ த்ரோ பருவமும் அதுதான். பார்க்க நன்றாக இல்லை என்று பிறகு கைவிட்டார். கூடைப்பந்து வரலாற்றில் இதைவிட விலை கொடுத்த வெட்கம் இருக்குமா தெரியவில்லை.

இப்போது கணக்கு. 1961-62இல் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்த முறை ஏறக்குறைய 126. இப்போது ஏறக்குறைய 99. அன்று விறுவிறுவென்று ஓடினார்கள், வீசினார்கள், பாதிக்கு மேல் தவறவிட்டார்கள். வில்ட் ஆட்டத்துக்குச் சராசரி 48.5 நிமிடம் ஆடினார். கூடுதல் நேரமும் சேர்வதால்தான் 48ஐத் தாண்டுகிறது. அதாவது அவர் உட்காரவே இல்லை. இன்றைய நட்சத்திரம் ஆடுவது 36 நிமிடம் அளவில்.

50.4ஐ 48.5ஆல் வகுத்து 36ஆல் பெருக்கினால் 37.4 வரும். அதை 99ஆல் பெருக்கி 126ஆல் வகுத்தால் 29.4. ரீபவுண்டுக்கும் இதே வழிதான். அன்று ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 71 ரீபவுண்ட் அளவில் கிடைத்தது, இப்போது 43, 44. வில்ட்டின் 25.7ஐ இன்றைய அளவுக்குக் கொண்டுவந்தால் 12 அளவில் நிற்கும்.

29 புள்ளியும் 12 ரீபவுண்டும் எடுப்பவர் இன்றைக்கும் எம்விபி பட்டியலில் மேலேதான் இருப்பார். எனவே வில்ட் பெரியவரா என்பதில் ஐயமில்லை. அவர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பெரியவர் என்று 50.4 சொல்வதுபோல் தோன்றுகிறதே, அதுதான் தவறான வாசிப்பு. இந்தக் கணக்கும் கறாரானதல்ல. மெதுவான ஆட்டத்தில், ஓய்வும் கிடைத்திருந்தால், நிமிடத்துக்கு அவர் இன்னும் கூடுதலாகவே எடுத்திருக்கலாம்.

இன்னொரு செய்தி: அந்த 50.4 பருவத்தில் எம்விபி வில்ட் அல்ல, பாஸ்டனின் பில் ரசல். அப்போது எம்விபிக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்கள். இருவரையும் எதிர்த்து ஆடியவர்கள் ரசலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேள்வி: பில் ரசல் எத்தனை பட்டம் வென்றார்? எத்தனை பிளாக்?
(தோ பாயோ வாசகர்)

பதில்: 13 பருவத்தில் 11 பட்டம். கடைசி இரண்டை, 1968லும் 1969லும், ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்து வென்றார். பிளாக் எத்தனை என்று எங்குமே இல்லை. பிளாக்கையும் ஸ்டீலையும் என்பிஏ எண்ணத் தொடங்கியது 1973-74இல். ரசல் 1969இல் விலகிவிட்டார். ஆட்டத்தையே மாற்றிய அவருடைய வேலை எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

கேள்வி: தேசிய சேவையில் இருக்கிறேன். வெள்ளி இரவு முகாமிலிருந்து புக் அவுட் ஆனால்தான் பந்தைத் தொட முடிகிறது. ஆட்டம் துருப்பிடித்துவிட்டது. இப்படி இருந்து யாராவது சாதித்திருக்கிறார்களா? அப்படியே, கண்டுகொள்ளப்படாத பழைய ஆட்டக்காரர் ஒருவரையும் சொல்லுங்கள்.
(ஈசூன் வாசகர்)

பதில்: தம்பி, இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள்: எல்ஜின் பெய்லர்.

அதே 1961-62 பருவம். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் பெய்லரை அமெரிக்க ராணுவத்தின் துணைப்படை அழைத்துக்கொண்டது. வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் முகாம். வார இறுதியில் விடுப்புக் கிடைத்தால் விமானம் ஏறி அணி ஆடும் ஊருக்குப் போவார், ஆடுவார், முகாமுக்குத் திரும்புவார். 80 ஆட்டத்தில் 48தான் ஆட முடிந்தது. அந்த 48இல் சராசரி 38.3 புள்ளி, 18.6 ரீபவுண்ட். உயரம் 1.96 மீட்டர்தான்.

ஏப்ரல் 14 அன்று பாஸ்டனில் இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 61 புள்ளி எடுத்தார். இறுதிச்சுற்று ஆட்டம் ஒன்றில் அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஜோர்டன் ஓர் ஆட்டத்தில் எடுத்த 63 புள்ளி முதல் சுற்றில் வந்தது.

பிறகு ஏன் மறந்தோம்? வில்ட்டின் 50.4, ஆஸ்கர் ராபர்ட்சனின் பருவம் முழுதுமான டிரிபிள் டபுள் (புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் சராசரி பத்துக்கு மேல்), ரசலின் பட்டம், பெய்லரின் 38.3 எல்லாம் ஒரே பருவத்தில் வந்து விழுந்தன. பெய்லருக்கு எம்விபி ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அவர் காலத்தில் அணி எட்டு இறுதிச்சுற்று ஆடி ஒன்றும் வெல்லவில்லை. 1971-72 தொடக்கத்தில் முழங்கால் ஒத்துழைக்காமல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் வென்று, அந்தப் பருவத்தின் பட்டத்தையும் எடுத்தது.

கேள்வி: வீசும் திறனை ஒரே எண்ணில் ஒப்பிடும் வழி இருக்கிறதாமே? கைக்கணக்காகப் போட முடியுமா?
(உட்லண்ட்ஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி)

பதில்: முடியும். ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44ஆல் பெருக்குங்கள். அதோடு மற்ற வீச்சு முயற்சிகளைக் கூட்டுங்கள். வந்ததை இரண்டால் பெருக்குங்கள். எடுத்த புள்ளிகளை அதால் வகுங்கள். ட்ரூ ஷூட்டிங் என்பது இதுதான்.

ஸ்டெஃபன் கரி, 2015-16: புள்ளி 2,375, வீச்சு முயற்சி 1,598, ஃப்ரீ த்ரோ முயற்சி 400. 400 × 0.44 = 176. கூட்டினால் 1,774, இரட்டித்தால் 3,548. 2,375ஐ அதால் வகுத்தால் 0.669.

அதேபோல் ஜோர்டனின் 1987-88க்கு 0.603, வில்ட்டின் 1961-62க்கு 0.536 வரும். இங்கேயே நிறுத்திவிட்டுக் கரிதான் பெரியவர் என்று சொல்வதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அந்தந்தப் பருவத்தின் பொதுச் சராசரியைக் கழிக்க வேண்டும். வில்ட் காலத்தில் அது 0.48 அளவில், மற்ற இரண்டிலும் 0.54 அளவில். கழித்தால் வில்ட்டும் ஜோர்டனும் சராசரிக்கு 0.06 அளவில் மேலே, கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். கரி 0.13 அளவில் மேலே! அந்தப் பருவத்தில் அவர் போட்ட 402 மூன்று புள்ளி வீச்சு என்ன செய்தது என்பது இங்கேதான் தெரியும்.

0.44 எதற்கு? இரண்டு ஃப்ரீ த்ரோ ஒரு தாக்குதலுக்குச் சமம் என்றால் 0.5 போதும். ஆனால் கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ புதிய தாக்குதலைச் செலவழிப்பதில்லை. மூன்று புள்ளி வீச்சில் ஃபவுல் ஆனால் ஒரே தாக்குதலுக்கு மூன்று கிடைக்கும். அதனால் குறைக்கிறார்கள். இன்னொரு எச்சரிக்கை: ரிங்குக்கு அடியில் நின்று, பந்தைக் கையாலேயே கூடைக்குள் அமுக்கும் டங்க் மட்டும் செய்பவருக்கு இந்த எண் வானளாவ இருக்கும். எத்தனை முறை வீசினார் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரீம் அப்துல் ஜபார் ஆறு முறை எம்விபி. யாருக்கும் அவ்வளவு இல்லை. பிறகு ஏன் பெரியவர் பேச்சில் அவர் இல்லை? தலைக்கு மேல் ஒற்றைக் கையால் வீசும் அவருடைய ஸ்கைஹூக்கை எங்கள் புளோக் அருகே உள்ள கூடைப்பந்துத் திடலில் பழகிப் பார்த்தேன், பந்து பலகையின் ஓரத்தில்தான் படுகிறது.
(அங் மோ கியோ வாசகர்)

பதில்: பெரியவர்களுக்குள் குறைவாக மதிக்கப்பட்டவர் யார் என்றால் எங்கள் பதில் கரீம். ஆறு பட்டம், ஆறு எம்விபி, 38,387 புள்ளி. 1971இல் மில்வாக்கியின் இறுதிச்சுற்றில் சிறந்த ஆட்டக்காரர். 14 வருடம் கழித்து 1985இல், 38 வயதில், லேக்கர்ஸுக்காக மறுபடியும். 1980 இறுதிச்சுற்றில் ஐந்து ஆட்டத்தில் சராசரி 33.4 எடுத்தார். கணுக்கால் சுளுக்கியதால் ஆறாவது ஆட்டத்துக்குப் போகவில்லை. அந்த ஆட்டத்தில் இளைஞர் மேஜிக் ஜான்சன் 42 எடுக்க, விருதும் கதையும் மேஜிக்குக்குப் போயின. பத்திரிகைக்காரர்களோடு கரீம் அதிகம் கலகலப்பாகப் பேச மாட்டார். அவருடைய வீச்சும் பறந்து டங்க் செய்வதுபோல் சுவரொட்டிக்கு உகந்ததல்ல. இருபது வருடம் ஒரே வீச்சு, ஒரே இடம். தடுக்கத்தான் முடியவில்லை.

இப்போது உங்கள் பந்து. வலது கைக்குச் சொல்கிறோம். முதுகைக் கூடைக்குக் காட்டிப் பந்தை வாங்கி, தாடைக்குக் கீழே முழங்கைகளை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. தடுப்பவர் அந்தப் பக்கம் சாய இது போதும். பிறகு இடது காலை எடுத்து வையுங்கள். கால் விரல்கள் கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும், கூடையை நோக்கியோ விலகியோ அல்ல. இப்போது உங்கள் இடது தோள் ரிங்கை நேராகச் சுட்டும். வலது முழங்காலை உயர்த்தி இடது காலில் எழும்புங்கள். இடது கை மடங்கி நெஞ்சுக்கு முன் வேலிபோல் நிற்கலாம், தள்ளினால் ஃபவுல். வலது கை காதை ஒட்டியபடி நேராக மேலே போகட்டும். எழும்பலின் உச்சியில், கை முழுதும் நீண்ட பிறகு, மணிக்கட்டை மடக்கி விரல் நுனியால் விடுங்கள்.

பலகையின் ஓரத்தில் படுவதற்குக் காரணம், கை காதை விட்டு விலகி, கல்லெறிவதுபோல் பக்கவாட்டில் சுழல்வது. கை சுழன்றால் விடும் நேரம் ஒரு நொடியின் சிறு பங்கு தவறினாலும் பந்து இடமோ வலமோ போகும். கை நேராக ஏறினால் பிழை தூரத்தில் மட்டும்தான் வரும், அதைத் திருத்துவது எளிது. பந்து ரிங்குக்கு முன்னாலேயே விழுந்தால் இடது கால் கூடையிலிருந்து விலகிப் போகிறது. வீசும் முன்பே பந்து பறிபோனால், இடுப்புவரை இறக்குகிறீர்கள் என்று பொருள்.

முதல் வாரம் எழும்பவே வேண்டாம். ரிங்கிலிருந்து ஒரு மீட்டரில் பக்கவாட்டாக நின்று, பலகையில் படாமல் பத்து விழும்வரை போடுங்கள். பிறகு ஓர் அடி வைத்து. பிறகு எழும்பி. இரண்டரை மீட்டருக்கு மேல் அவசரப்பட்டுப் போகாதீர்கள். இடது கைக்கும் இதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிச் செய்யுங்கள்.

கேள்வி: 1980களில் அதிகப் புள்ளி எடுத்தவர் யார்? பாஸ்டனின் லாரி பெர்டா, மேஜிக்கா, ஜோர்டனா?
(புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

பதில்: மூவரும் அல்ல. டென்வரின் அலெக்ஸ் இங்கிலீஷ். தொடர்ந்து எட்டுப் பருவம் 2,000 புள்ளிக்கு மேல். பட்டமில்லை, இறுதிச்சுற்றும் இல்லை, ஆகவே பெயருமில்லை.

கேள்வி: பள்ளி அணியில் இருக்கிறேன். நன்றாக ஆடுகிறேன் என்று பயிற்றுநரே சொல்கிறார், ஆனால் முதல் ஐவரில் சேர்க்காமல் பெஞ்சில் உட்கார வைக்கிறார். பெஞ்சில் இருந்தவர் யாராவது பெரிய ஆட்டக்காரர் ஆனாரா?
(பிடோக், உயர்நிலை 3 மாணவர்)

பதில்: தம்பி, மனு ஜினோபிலியைத் தேடிப் பார். அர்ஜென்டினாக்காரர். அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1999 டிராஃப்டில் 57ஆவது தேர்வு. சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்காக நான்கு பட்டம் வென்றார். வாழ்நாள் சராசரி 25.4 நிமிடம், 13.3 புள்ளி. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் இவரைச் சாதாரண ஆள் என்றுதான் நினைப்பார்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் இவர் 29 புள்ளி எடுக்க, அர்ஜென்டினா 89-81 என்று அமெரிக்காவை வீழ்த்தித் தங்கத்துக்குப் போனது. அந்த ஆளைத்தான் ஸ்பர்ஸ் பெஞ்சிலிருந்து இறக்கியது. காரணம் கணக்கு. டிம் டங்கன், டோனி பார்க்கர் இருவரும் தொடக்கத்திலேயே களத்தில் இருக்கிறார்கள். அவர்கள் மூச்சு வாங்க உட்காரும்போது எதிரணியும் தன் இரண்டாம் வரிசையை இறக்கும். அப்போது ஜினோபிலி உள்ளே வந்தால் அவரைத் தடுக்க அங்கே ஆளில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் மூவரும் சேர்ந்து நிற்பார்கள்.

உன் பயிற்றுநரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசி ஐந்து நிமிடத்தில் நான் களத்தில் இருப்பேனா? ஆம் என்றால் தொடக்க வரிசையை நினைத்துக் கவலைப்படாதே. பெஞ்சில் இருக்கும்போது நீ தடுக்கப்போகும் ஆளைக் கவனி; எந்தக் கையில் பந்தை இறக்குகிறான், எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறான் என்று. உள்ளே போகும் முன் உடம்பு சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த காலோடு இறங்கி முதல் இரண்டு வீச்சைத் தவறவிடுவதால்தான் மாற்று ஆட்டக்காரர்கள் பலர் உடனே திரும்பி உட்காருகிறார்கள்.

கேள்வி: யாவ் மிங் உண்மையிலேயே சிறந்தவரா, சீன ரசிகர்கள் வாக்கால் உயர்ந்தவரா?
(பொங்கோல் வாசகர்)

பதில்: நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கான ரசிகர் வாக்கு அவருக்கு நிறைய வந்தது உண்மை. அது அவருக்குக் கெடுதலாகவே முடிந்தது, ஏனென்றால் ஆட்டத்தைப் பார்க்காமலே "வாக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 2.29 மீட்டர் உயரமுள்ளவர் ஃப்ரீ த்ரோவில் 83 விழுக்காடு போட்டார். அந்த உயரத்துக்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுவார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து அவர்களை நிறுத்தும். யாவிடம் அந்தத் தந்திரம் செல்லாது. 486 ஆட்டத்தில் சராசரி 19 புள்ளி, 9.2 ரீபவுண்ட். என்பிஏ பருவம் முடிந்தால் தேசிய அணி; பாதத்துக்கு ஓய்வே இல்லை. பாத எலும்பு மீண்டும் மீண்டும் முறிந்து 2011இல் 30 வயதில் நிறுத்தினார். குறைவான ஆட்டம் என்பது நியாயமான குறை. திறமைக் குறை இல்லை.

கேள்வி: என்பிஏவுக்கு வெளியே ஆடியவர்களைக் கணக்கில் எடுப்பீர்களா?
(சுவா சூ காங் வாசகர்)

பதில்: எடுக்காவிட்டால் அர்வீடாஸ் சபோனிஸை இழந்துவிடுவோம். லித்துவேனியாக்காரர், 2.21 மீட்டர், பந்தைக் கொடுப்பதில் வல்லவர். 1986இலேயே போர்ட்லாந்து அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் அங்கே போய்ச் சேர்ந்தது 1995இல், 30 வயதில். இடையில் 1988 சியோலில் சோவியத் அணியோடு அமெரிக்காவை வென்று தங்கம் எடுத்தார். குதிகால் தசைநாணும் முழங்காலும் போன பிறகுதான் அமெரிக்கர்கள் அவரைப் பார்த்தார்கள். அப்படியும் முதல் பருவத்தில் 24 நிமிடத்துக்குள் 14.5 புள்ளி, 8.1 ரீபவுண்ட். 36 நிமிடத்துக்கு மாற்றினால் 22 புள்ளி, 12 ரீபவுண்ட் அளவில் வரும். கால் நன்றாக இருந்த காலத்து சபோனிஸ் எப்படி இருந்திருப்பார் என்று நீங்களே கணக்கிடலாம்.

கேள்வி: சிங்கப்பூர் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியது உண்டா?
(சிராங்கூன் வாசகர்)

பதில்: உண்டு. 1956, மெல்பர்ன், ஆண்கள் அணி.

கேள்வி: ஐந்து வருடமாகப் பள்ளியில் வலைப்பந்து ஆடுகிறேன், இப்போது கூடைப்பந்துக்கு மாற ஆசை. பெண்களில் எல்லாரும் மறந்த பெரிய ஆட்டக்காரர் யார்? மாறும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
(பாசிர் ரிஸ் மாணவி)

பதில்: தங்கச்சி, சிந்தியா கூப்பர். அமெரிக்காவில் பெண்களுக்கு நிலையான தொழில்முறை லீக் இல்லாத காலத்தில் பத்து வருடத்துக்கும் மேல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஆடினார். 1997இல் பெண்களுக்கான லீக்கான டபிள்யூஎன்பிஏ தொடங்கியபோது அவருக்கு 34 வயது. மற்றவர்கள் ஓய்வை நினைக்கும் வயதில் ஹியூஸ்டனுக்காக 1997 முதல் 2000 வரை நான்கு பட்டம், நான்கிலும் இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர், முதல் இரண்டு பருவத்தின் எம்விபி. அவருடைய இருபதுகள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வரவில்லை, அதனால் பட்டியல்களிலும் வருவதில்லை.

வலைப்பந்திலிருந்து வருவதால் உனக்குச் சில சாதகம். ரிங்கின் உயரம் இரண்டிலும் 3.05 மீட்டர்தான். உன் ரிங்கின் விட்டம் 38 சென்டிமீட்டர், இங்கே 45. இலக்கு பெரிதாகிவிட்டது. கால் ஊன்றித் திரும்பும் பழக்கமும் உன்னிடம் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பந்தைத் தட்டாமல் கையில் பிடித்தபடி நடந்துவிட்டு அதை இழப்பது அங்கேதான். பந்து மட்டும் கனம்: பெண்களுக்கு 6ஆம் அளவு, நீ பிடித்தது 5. முதல் ஒரு மாதம் வீச்சை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பந்து தட்டிப் பழகு. வலைப்பந்தில் யாரும் பக்கத்தில் வந்து தடுக்கக் கூடாது, இங்கே உடம்போடு உடம்பு உரசும். பந்தைத் தட்டும்போது உன் உடம்பு தடுப்பவருக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கட்டும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கண்டுகொள்ளப்படாதவர்களில் ஒரே ஒரு பெயர்?
(குவீன்ஸ்டவுன் வாசகர்)

பதில்: மில்வாக்கியின் சிட்னி மான்கிரீஃப்.

என்பிஏ சிறந்த தற்காப்பாளர் விருதைத் தொடங்கிய முதல் இரண்டு முறையும், 1983லும் 1984லும், அவருக்கே கிடைத்தது. உயரம் 1.91 மீட்டர். பிற்காலத்தில் அந்த விருது பெரும்பாலும் ரிங்குக்கு அடியில் நிற்கும் நெட்டையர்களுக்கே போனது. இவர் செய்த வேலை வேறு. எதிரணியின் சிறந்த கார்டுக்கு (வெளிவட்டத்தில் ஆடுபவருக்கு) பந்தே வராமல் மறிப்பார். வந்தாலும் அவர் விரும்பும் இடத்தில் வாங்க விட மாட்டார், இரண்டடி தள்ளி வாங்க வைப்பார். இதற்கு ஏட்டில் இடமில்லை. ஸ்டீலும் அல்ல, பிளாக்கும் அல்ல. தடுக்கும் வேலை முழுவதையும் செய்துகொண்டே 1982-83இல் சராசரி 22.5 புள்ளியும் எடுத்தார்.

முழங்கால் அவரைச் சீக்கிரம் கைவிட்டது. கூடைப்பந்தின் நைஸ்மித் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்தது 2019இல்தான். மில்வாக்கி அந்த வருடங்களில் தொடர்ந்து ஏழு முறை தன் பிரிவில் முதலிடம் பிடித்தது, ஆனால் கிழக்கில் ஒரு பக்கம் லாரி பெர்டின் பாஸ்டன், மறுபக்கம் மோசஸ் மலோனும் ஜூலியஸ் எர்விங்கும் ஆடிய பிலடெல்ஃபியா. 1983இல் மில்வாக்கி பாஸ்டனை 4-0 என்று வெளியேற்றியது. ஏழு ஆட்டத் தொடரில் பாஸ்டன் ஒன்றுகூட வெல்லாமல் தோற்றது அதுவே முதல்முறை. அடுத்த தொடரில் மில்வாக்கி பிலடெல்ஃபியாவிடம் தோற்றது. அந்த வருடம் பிலடெல்ஃபியா பட்டத்துக்குப் போகும் வழியில் 13 ஆட்டத்தில் 12ஐ வென்றது. தோற்ற அந்த ஒரே ஆட்டம் மான்கிரீஃபின் மில்வாக்கியிடம்.